குறி விலகிய ரைஃபிள்: ஒரு மானின் இரவும் பதினொரு நாள் வேலையும்

சுட்டதும் அந்த மான் துள்ளவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு நான்கைந்து அடி நடந்தது. பிறகு வாலை இடுக்கிக்கொண்டு மெதுவாகப் புதருக்குள் நுழைந்தது. முப்பது ஆண்டுகளாக வேட்டைக்குப் போகிறவன் நான். அந்தக் கூனலைப் பார்த்த கணமே குண்டு எங்கே பட்டது என்று தெரிந்துவிட்டது. நெஞ்சில் அல்ல, குடலில்.

தொலைவு தொண்ணூறு மீட்டர்தான். காற்று அசையவில்லை. மான் இடப்பக்கம் தலைவைத்துப் பக்கவாட்டில் நின்றது. ரைஃபிளை முதுகுப்பையின் மேல் ஊன்றியிருந்தேன். முன்சப்பைக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ்ப்பாதி தொடங்கும் இடத்தில் ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின், குறுக்குக்கோட்டை நிறுத்தி, மூச்சைப் பாதி விட்டு, விசையை அழுத்தினேன். விசை விழுந்தபோது குறுக்குக்கோடு எங்கே நின்றது என்பது இன்றும் கண்ணில் நிற்கிறது. சரியான இடத்தில்தான் நின்றது.

என்னோடு வந்திருந்த இளைஞன் அதற்குள் எழுந்துவிட்டான்.

"உட்கார் தம்பி."

"இருட்டிக்கொண்டு வருகிறதே அண்ணா, இப்போதே தேட வேண்டாமா?"

"இப்போது போனால் தேடுவதாக இருக்காது, துரத்துவதாக இருக்கும்."

குடலில் அடிபட்ட மானை விட்டுவிட்டால் இருநூறு முந்நூறு மீட்டருக்குள் படுத்துவிடும். துரத்தினால் வலியோடு எழுந்து எழுந்து ஓடும். துளையைக் குடலும் கொழுப்பும் அடைத்துக்கொள்வதால் தரையில் இரத்தம் சிந்துவதும் நின்றுபோகும். பிறகு அதைக் கண்டுபிடிக்க முடியாது. குறைந்தது எட்டு மணி நேரம், முடிந்தால் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது கொடுமையாகத் தோன்றும். ஆனால் அந்த நிலையில் அந்த மானுக்கு நாம் செய்யக்கூடிய ஒரே நன்மை அதுதான்.

அரை மணி நேரம் கழித்து, அது நின்ற இடத்தை மட்டும் ஓசையின்றிப் போய்ப் பார்த்தோம். சொரசொரப்பான வெளிறிய முடி, வயிற்றுப்பக்கத்து முடி, தரையில் கிடந்தது. ஓர் இலையில் ஒரே ஒரு துளி. விரலில் தொட்டுத் தேய்த்தேன். சிவப்புக்கு நடுவே பச்சைப் பிசுபிசுப்பும் அரைபட்ட புல் துணுக்கும் இருந்தன. முகர்ந்ததும் புளித்த தழை வாடை. தம்பியிடமும் முகரச் சொன்னேன். இந்த வாடையை வேட்டைக்காரன் ஒருமுறை அறிந்துவைத்துக்கொண்டால் மறக்க மாட்டான். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் போதும். நுரையில்லாமல் கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரல், மூன்று நான்கு மணி நேரம் பொறுக்க வேண்டும். பளிச்சென்ற சிவப்பாக முதலில் நிறையக் கொட்டி, போகப்போகக் குறைந்தால் வெறும் சதைக் காயமாக இருக்கக்கூடும். பச்சை கலந்திருந்தால் விடியும்வரை கால் வைக்கக் கூடாது. இலை கிடந்த இடத்தில் ஒரு துணிப்பட்டையைக் கட்டிவிட்டுத் திரும்பினோம்.

அன்றிரவு நான் தூங்கவில்லை.

விடிந்ததும் துணிப்பட்டையிலிருந்து தொடங்கினோம். இரத்தம் மொத்தமே ஏழு இடத்தில்தான் கிடைத்தது. மீதியெல்லாம் குளம்புத் தடமும், பனி கலைந்த புல்லும், முறிந்த சுள்ளியும்தான். அடிபட்ட மான் பெரும்பாலும் பள்ளத்தை நோக்கி, தண்ணீரை நோக்கிப் போகும். அப்படித்தான் போயிருந்தது. ஓடைக்கரையில் மூன்று இடங்களில் படுத்தெழுந்த அடையாளம். மூன்றாவதற்கு அப்பால் கிடந்தது. வயிற்றின் அடியில் கையை நுழைத்துப் பார்த்தேன். இன்னும் சூடு ஆறவில்லை. அதாவது இரவு முழுவதும் உயிரோடு இருந்திருக்கிறது. பின்பாதி இறைச்சி கெட்டுப்போயிருந்தது. முன்சப்பை இரண்டையும் கழுத்தையும் மட்டுமே எடுக்க முடிந்தது.

குண்டு நுழைந்த துளைக்கும் நான் குறிவைத்த இடத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. ஒரு சாண் வலப்பக்கம். கைநடுக்கத்தில் வருகிற பிழை அல்ல இது. ரைஃபிள் குறி விலகியிருக்கிறது. பருவம் தொடங்குமுன் அதைச் சோதிக்காமல், சென்ற ஆண்டு சரியாகச் சுட்டதே என்று நம்பிக் கொண்டுபோனது என் தவறு. அன்றே உரிமத்தாளை மடித்து வைத்துவிட்டேன். இந்தத் துப்பாக்கி எனக்கு மெய்ப்பித்துக் காட்டும்வரை காட்டுக்குள் நுழைவதில்லை என்று முடிவு செய்தேன். பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாள் வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரைஃபிள் மௌசர் 98 வகை போல்ட் ஆக்‌ஷன். தோட்டாவை ஏற்றப் போல்ட் என்னும் எஃகுத் தண்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். அந்தப் போல்ட் ஓடும் எஃகுக் கூட்டைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம். 1898இல் வந்த அமைப்பு அது. தோட்டாவின் விளிம்பைப் பற்றி இழுக்கும் அந்த நீண்ட நகத்துக்கு ஈடான ஒன்றை நான் இன்றுவரை பார்த்ததில்லை. தோட்டா 30-06. 1906இல் இராணுவத்துக்கென உருவானது, வேட்டையில் நிலைத்துவிட்டது. நான் பயன்படுத்துவது 180 கிரெய்ன் குண்டு, ஏறக்குறைய 11.7 கிராம். குழலையும் ஆக்‌ஷனையும் தாங்கும் கட்டை வால்நட் மரம். மரக்கட்டை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அதில்தான் இருக்கிறது.

முதல் நாள் சுடுதளத்துக்குப் போனேன். எதையும் கழற்றாமல், எதையும் இறுக்காமல், இருந்தது இருந்தபடியே 100 மீட்டரில் சுட வேண்டும். கழற்றிவிட்டால் நோய் எது என்று பிறகு தெரியாது. மேசையில் மணல்பையை வைத்து, ரைஃபிளின் முன்பகுதியை அதன்மேல் கிடத்தி மூன்று தோட்டா சுட்டேன். முதலாவது 14 செ.மீ. வலப்பக்கம். இரண்டாவது 17 செ.மீ., சற்று மேலே. மூன்றாவது 20 செ.மீ., இன்னும் மேலே. குழலை முழுதாக ஆறவிட்டு இன்னொரு மூன்று சுட்டேன். அதே வரிசை, ஆனால் வேறு இடத்தில்.

இந்தத் தாள் இரண்டு விஷயங்களைச் சொன்னது. குழல் சூடேற ஏற ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போவது, குழலை ஏதோ ஒன்று பக்கத்திலிருந்து நெருக்குகிறது என்பதற்கு அடையாளம். ஆறிய பிறகும் பழைய இடத்துக்கு வராமல் புதிய இடத்தில் விழுவது, எங்கோ ஒன்று தளர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஒரு நோய் அல்ல, இரண்டு. குறி விலகிய ரைஃபிளோடு சுடுதளத்துக்கு வருகிறவர்களில் பலரும் ஸ்கோப்பின் திருகை நாற்பது கிளிக் திருப்பிவிட்டு, நடுவில் விழுந்ததும் மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார்கள். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நெற்றியில் ஈரத்துணி போடுகிற வேலை அது.

வீட்டில் மேசையில் வைத்ததும் முதல் வேலை எப்போதும் ஒன்றுதான். தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் காலி செய்து, போல்ட்டை உருவி எடுத்து, தோட்டா அறைக்குள் விளக்கடித்துப் பார்த்து, சுண்டுவிரலையும் விட்டுத் தடவுவது. கண் ஏமாறலாம், விரல் ஏமாறாது. போல்ட்டும் தோட்டாக்களும் வேறு அறைக்குப் போய்விடும்.

தளர்வை முதலில் தேடினேன். ஸ்கோப்பைக் கையால் பிடித்து அசைத்தால் அசையவில்லை. ஆனால் விரல்நுனியை, ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தட்டும் ஆக்‌ஷனும் சேரும் கோட்டில் வைத்துக்கொண்டு, மறுகையால் ஸ்கோப்பின் பின்முனையை அழுத்தினால் மயிரிழை அசைவு விரலுக்குத் தெரிந்தது. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களைக் கழற்றி அடித்தட்டின் திருகைத் தொட்டேன். பின்பக்கத் திருகு கால் சுற்றுக்கும் மேல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் திரும்பியது. திருகின் புரிகளில் எண்ணெய் பளபளத்தது. என் கையாலேயே ஒவ்வொரு பருவ முடிவிலும் விட்ட எண்ணெய். புரிக்குள் எண்ணெய் இறங்கினால், ஒவ்வொரு வெடிப்பின் அதிர்வும் திருகை ஒரு நூலளவு கழற்றும்.

அடுத்தது குழல். ஒரு தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே முன்முனையில் நுழைத்து ஆக்‌ஷனை நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் போனால் குழல் எதையும் தொடவில்லை. என் தாள் நான்கு விரற்கடை போனதும் இடப்பக்கத்தில் சிக்கிக்கொண்டது. மரம் ஈரத்தைக் குடித்து வலப்புறம் வளைந்து, குழலை வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் விழுந்த குண்டுகளுக்கு அங்கேயே விடை கிடைத்தது. சென்ற ஆண்டுக் கோடையில் இதே தாள் ஓடியது. மழைக்காலம் முழுவதும் அலமாரியில் நின்றபோதுதான் மரம் நகர்ந்திருக்கிறது. மரம் வெட்டிய பிறகும் உயிரோடுதான் இருக்கிறது என்று தச்சர்கள் சொல்வது துப்பாக்கிக் கட்டைக்கும் பொருந்தும்.

மூன்றாவதாக ஒரு சோதனை. அதை எதிர்பார்த்துச் செய்யவில்லை, வழக்கத்தால் செய்தேன். ஆட்காட்டி விரலைக் குழலும் கட்டையின் முன்முனையும் ஒருசேரத் தொடும்படி வைத்துக்கொண்டு, ஆக்‌ஷனைக் கட்டையோடு பிணைக்கும் முன் திருகை மெல்லத் தளர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். எல்லாம் சீராக அமர்ந்திருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. என் விரலின் கீழே குழல் தாழ்ந்து எழுந்தது. ஆக்‌ஷன் கட்டையில் அமரவில்லை. திருகின் இறுக்கத்தால் வளைந்து நின்றுகொண்டிருந்தது.

முழுவதையும் பிரித்தேன். மௌசரின் அடியில், குழல் வந்து சேரும் இடத்துக்குக் கீழே, ஒரு தடித்த எஃகுப் பல் இருக்கும். சுடும்போது வரும் உதைப்பு முழுவதையும் மரத்துக்குக் கடத்துவது அந்தப் பல்தான். முன் திருகு ஏறுவதும் அதற்குள்தான். அந்தப் பல் உட்காரும் குழி கருத்து, நகத்தால் கீறினால் கீறல் விழும் அளவுக்கு மென்மையாகியிருந்தது. ஊறிய மரம். பல ஆண்டுகளாகத் துப்பாக்கியைச் சுத்தம் செய்து, தாராளமாக எண்ணெய் பூசி, குழல்வாய் மேலே இருக்கும்படி நிறுத்திவைத்திருக்கிறேன். எண்ணெய் சொட்டுச்சொட்டாக இறங்கி அந்தக் குழியில் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு உதைப்புக்கும் பல் அந்தப் பஞ்சு மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நசுக்கியிருக்கிறது. இதைப் படிக்கிற யாராவது இன்று மாலை ஒரே ஒரு காரியம் செய்வதானால், மரக்கட்டை ரைஃபிளைத் தலைகீழாக, குழல்வாய் கீழே வரும்படி ஒரு துணியின் மேல் நிறுத்திவையுங்கள். எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடையுங்கள், ஊற்றாதீர்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை எண்ணெய் இறக்கும் வேலைதான். இதற்கு அவசரம் ஆகாது. சுண்ணக்கட்டிப் பொடியை அசிட்டோனில் குழைத்து அந்தக் குழியில் அப்பினேன். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்போ விளக்கோ அருகில் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். அது முழுதாக ஆவியான பிறகே, முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டினேன். வெண்பொடியின் நடுவே முதலில் ஒரு மஞ்சள் புள்ளி தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காசளவு விரிந்து, பழுப்பாகி, பொடி முழுவதும் தேநீர்க் கறைபோல நிறம் மாறியது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப்பொடி அப்பினேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை. ஏழாவது அப்பல்தான் வெள்ளையாகவே நின்றது. இத்தனை ஆண்டு எண்ணெய் அந்த உள்ளங்கையளவு மரத்துக்குள் இருந்திருக்கிறது.

இடையில் குழல் படுக்கும் வாய்க்காலைத் தேய்த்தேன். குழலைவிடச் சற்றுப் பருமனான மர உருளையில் உப்புத்தாளைச் சுற்றி, நீள இழுப்பாக இழுக்க வேண்டும். இரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி வந்ததும் நிறுத்தினேன். தேய்த்த மரத்தை அப்படியே விட்டால் அடுத்த மழைக்கு மறுபடி ஈரம் குடிக்கும். மூன்று பூச்சு வார்னிஷ் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு நாள் காயவிட்டேன்.

ஏழாம் நாள் எபாக்ஸி. நசுங்கிய மரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எஃகுத்தூள் கலந்த எபாக்ஸியை ஊற்றி, அது இறுகுமுன் ஆக்‌ஷனை அதில் அமர்த்துவது. ஆக்‌ஷனின் அச்சு அப்படியே பதிந்து, பல்லுக்குக் கல்போன்ற இருக்கை கிடைக்கும். ஆனால் எபாக்ஸி பசை. உலோகத்தில் ஓர் ஊசிமுனை இடம் மெழுகில்லாமல் இருந்தாலும் ஆக்‌ஷனும் கட்டையும் ஒன்றாகிவிடும். எனவே மெழுகுப் பாலிஷை மூன்று முறை பூசித் துடைத்தேன். மேகசின் வாய், திருகுத் துளை, விசைப்பகுதி எல்லாவற்றையும் வடிவக் களிமண்ணால் அடைத்தேன். பல்லின் முன்முகத்திலும் இரு பக்கத்திலும் அடியிலும் ஒரு சுற்று டேப் ஒட்டினேன். பின்முகத்தில் மட்டும் ஒட்டவில்லை. உதைப்பு பின்னால் போவதால் பின்முகம் மட்டுமே இருக்கையைத் தொட வேண்டும். மற்ற பக்கங்களில் டேப்பின் கனம் அளவு இடைவெளி இருந்தால்தான், அடுத்தமுறை கழற்றி மாட்டும்போது பல் எங்கும் சிக்காது. குழலின் முன்முனையில் டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றி, வாய்க்காலின் நடுவில் நிற்கும்படி செய்தேன்.

இரண்டு பாகத்தையும் சமமாக எடுத்து, குமிழி ஏறாமல் நான்கு நிமிடம் நிதானமாகக் கலக்கினேன். குழியில் நிரப்பி ஆக்‌ஷனை மேலிருந்து நேராக இறக்கியதும் இரு ஓரத்திலும் சாம்பல்நிறக் கோடு பிதுங்கி வந்தது. பிதுங்கி வருவது நல்ல அறிகுறி. உள்ளே வெற்றிடம் இல்லை என்று பொருள். வினிகர் தொட்ட பஞ்சால் அதைத் துடைத்தேன். திருகுகளை விரலால் தொட்ட அளவுக்கே ஏற்றினேன். இறுக்கினால் அந்த வளைவும் எபாக்ஸியில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பிறகு 24 மணி நேரம் தொடவே இல்லை.

எட்டாம் நாள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பின் திருகு சுலபமாக வந்தது. முன் திருகு அசையவே இல்லை. யோசித்துப் பார்த்தேன். திருகின் புரிக்கு மெழுகு பூசினேன், ஆனால் தலைக்கு அடியில் உள்ள கழுத்துக்குப் பூசிய நினைவு இல்லை. முறுக்கினால் தலை உடைந்துவிடும். ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலைத் திருகின் தலையில் ஐந்து நிமிடம் வைத்தேன். சூடு எஃகு வழியே கழுத்துக்கு இறங்கினால் அங்கே மட்டும் எபாக்ஸி இளகும், சுற்றியுள்ள இருக்கைக்கு ஒன்றும் ஆகாது. அளவான ஸ்க்ரூ டிரைவரை முழு அழுத்தத்தோடு வைத்துத் திருப்பியபோது 'டக்' என்று ஓர் ஓசை. அந்த ஓசை திருகு உடைந்ததா விடுபட்டதா என்று ஒரு கணம் தெரியவில்லை. விடுபட்டிருந்தது. குழலுக்கு அடியில் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியதும் ஆக்‌ஷன் மேலே வந்தது. அடியில் கண்ணாடிபோன்ற இருக்கை. ஆக்‌ஷனில் பொறித்திருந்த எண்கள்கூட அதில் திருப்பி எழுதியதுபோல் பதிந்திருந்தன.

பூட்டும் வேலையில் சொல்லவேண்டியது இறுக்கத்தின் அளவு மட்டுமே. அடித்தட்டின் திருகையும் துளையையும் அசிட்டோனால் எண்ணெய் போகக் கழுவி, கழற்றக்கூடிய நீலநிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 2.5 நியூட்டன் மீட்டர். வளையத் திருகுகளுக்கு 2. கட்டைத் திருகுகளுக்கு 4.5, முதலில் முன்னது, பிறகு பின்னது. ஸ்கோப் செய்கிறவர்கள் அவரவர் குறிப்பில் அளவு தந்திருப்பார்கள். அதைத்தான் பின்பற்ற வேண்டும். கையளவில் இறுக்குவதை நான் அன்றோடு விட்டுவிட்டேன். பிறகு அந்த விரல் சோதனை. முன் திருகைத் தளர்த்தினேன், இறுக்கினேன். விரலுக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

ஒன்பதாம் நாள் சுடுதளம். முதலில் போல்ட்டை எடுத்துவிட்டு, குழலின் வழியே 25 மீட்டரில் உள்ள தாளின் நடுப்புள்ளியைப் பார்த்தேன். ரைஃபிள் அசையாமல் ஸ்கோப்பின் குறுக்குக்கோடும் அதே புள்ளிக்கு வரும்படி திருப்பினேன். இப்படிச் செய்தால் முதல் தோட்டாவே தாளில் விழும், வீணாகாது. 25 மீட்டரில் இரண்டு சுட்டேன், 3 செ.மீ. இடப்பக்கம். என் ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீட்டரில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர், 25 மீட்டரில் அதில் கால்பங்கு. எனவே 17 கிளிக். பிறகு 100 மீட்டருக்குப் போய், ஒவ்வொரு மூன்று தோட்டாவுக்கும் நடுவில் குழல் கைபொறுக்கும் அளவு ஆறும்வரை காத்திருந்து சுட்டேன். கடைசி மூன்றும் 3 செ.மீ. வட்டத்துக்குள் விழுந்தன. நடுப்புள்ளிக்கு மேலே 4 செ.மீ. இருக்கும்படி நிறுத்தினேன். இந்தக் குண்டுக்கு அப்படி வைத்தால் 200 மீட்டரில் ஏறக்குறைய அதே அளவு கீழே விழும். அதற்குள் நிற்கும் மானுக்கு மேலேயோ கீழேயோ கணக்குப் போடாமல் நெஞ்சில் வைத்துச் சுடலாம்.

ஆனால் காட்டில் மூன்றாவது தோட்டாவுக்கு மதிப்பில்லை. ஆறிய குழலிலிருந்து புறப்படும் முதல் தோட்டாதான் மானைத் தொடும். எனவே ஒரே தாளை எடுத்துக்கொண்டு பத்தாம் நாள் விடிகாலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரவெல்லாம் துப்பாக்கியைத் தாழ்வாரத்து ஈரக்காற்றில் வைத்திருந்துவிட்டுப் பதினொராம் நாள் விடிகாலையில் ஒன்று என்று மூன்றே தோட்டா சுட்டேன். மூன்றும் ஒரு தீப்பெட்டியால் மறைக்கும்படி விழுந்தன. நான் தேடிய சான்று அதுதான்.

ரைஃபிள் தயார் என்பதால் நான் தயார் என்று ஆகாது. மேசையை விட்டுவிட்டு, இருபது செ.மீ. தட்டு ஒன்றை மானின் நெஞ்சாகக் கருதி, காட்டில் கிடைக்கும் நிலைகளில் ஐந்தைந்து சுட்டேன். ஐந்தும் தட்டில் விழும் தொலைவுதான் என் எல்லை. உட்கார்ந்து கவைக்கோலில் ஊன்றினால் 150 மீட்டர். மண்டியிட்டால் 80. எதையும் பிடிக்காமல் நின்றால் 40. இந்த மூன்று எண்களையும் கட்டையின் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். மான் 60 மீட்டரில் நிற்கும்போது எனக்கு ஊன்ற இடம் இல்லையென்றால், நான் சுடுவதில்லை. இதில் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்த வாரம் தம்பியும் நானும் மறுபடி போனோம். விடியும்முன் சரிவின் நடுப்பகுதிக்குப் போய், வெயில் ஏறும்வரை நகரவில்லை. வெயில் பட்டு மண் சூடானால் காற்று சரிவின் மேல்நோக்கி ஏறும். மாலையில் குளிர்ந்து கீழே வடியும். காலையில் மானுக்கு மேலேயும் மாலையில் கீழேயும் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். சிறு பிளாஸ்டிக் குப்பியில் முகப்பவுடர் வைத்திருப்பேன். மணமில்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு பிதுக்குப் பிதுக்கினால் கண்ணுக்குத் தெரியாத காற்றெல்லாம் தெரியும். மானின் கண்ணை ஏமாற்றலாம். ஒளிரும் ஆரஞ்சு நிறத்தை அது நம்மைப்போல் பிரித்துப் பார்ப்பதில்லை. எனவே மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரியும்படி ஆரஞ்சு மேலங்கி போடத் தயங்கவே வேண்டாம். மூக்கை மட்டும் ஏமாற்ற முடியாது.

எட்டு மணி வாக்கில் பவுடர் எங்கள் முகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. கீழே ஒரு பெண் மானும் குட்டியும் வந்தன. அவற்றை விட்டோம். பின்னால் வந்த இளம் ஆண் மான் 110 மீட்டரில் வலப்பக்கம் தலைவைத்து நின்றது. அதற்குப் பின்னால் மண்மேடு, குண்டு தங்க இடம் இருந்தது. கவைக்கோலில் ஊன்றியிருந்தேன். முன்காலை ஒரு எட்டு முன்னால் வைக்கும்வரை காத்திருந்தேன். கால் முன்னே போனால் சப்பை விலகி நுரையீரல் திறந்துகொள்ளும்.

சுட்டதும் பின்னங்கால் இரண்டையும் உதைத்துத் துள்ளி, தலையைத் தாழ்த்திக்கொண்டு அம்புபோல் ஓடி மறைந்தது. தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். என் தொப்பியை நான் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, மான் நின்ற இடத்துக்குப் பின்னால் உள்ள இரட்டை மரத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். கீழே இறங்கினால் இடமே மாறித் தெரியும், தொப்பிதான் திசை சொல்லும். அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தோம்.

நின்ற இடத்தில் தம்பி மண்டியிட்டு ஓர் இலையை எடுத்தான். "நுரை அண்ணா" என்றான். இளஞ்சிவப்பு, சிறுசிறு குமிழிகளோடு. தடத்தை மிதிக்காமல் பக்கவாட்டில் நடந்து ஐம்பத்தைந்து அடி எண்ணுவதற்குள் கண்டுவிட்டோம். பின்பக்கமாக அணுகி, நீண்ட குச்சியால் விழியைத் தொட்டேன். இமைக்கவில்லை. கண் மூடியிருந்தால்தான் அஞ்ச வேண்டும், உயிர் இருக்கிறது என்று பொருள். இது திறந்திருந்தது.

வயிற்றைத் திறக்கத் தம்பியிடம் கத்தியைக் கொடுத்தேன். தோலைச் சிறிதாகக் கீறி, இடக்கையின் இரண்டு விரல்களை உள்ளே விட்டு இரைப்பையைக் கீழே அழுத்திக்கொண்டு, கத்தியின் கூர் மேலே பார்க்கும்படி விரல்களுக்கு நடுவே ஓட்ட வேண்டும். கத்தி கீழ்நோக்கினால் இரைப்பை கிழிந்து எல்லாம் பாழாகும். ஆசனவாயைச் சுற்றி அறுத்து நூலால் கட்டினோம். உதரவிதானத்தை விலாவோடு ஒட்டி அறுத்து, கையை உள்ளே விட்டு மூச்சுக்குழாயை எவ்வளவு மேலே எட்டுமோ அவ்வளவு மேலே வெட்டி இழுத்ததும், மொத்தமும் ஒன்றாகச் சரிந்து வந்தது. விலாவை ஒரு குச்சியால் விரித்து நிறுத்தினோம். இறைச்சிக்குப் பகை சூடுதான். எவ்வளவு விரைவில் 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகிறதோ அவ்வளவு நல்லது.

நுரையீரலை எடுத்துத் தம்பி வெளிச்சத்தில் பிடித்தான். இரண்டு மடலிலும் துளை. விலாவில் நுழைந்த துளைக்கும் நான் குறிவைத்த இடத்துக்கும் நடுவே என் கட்டைவிரல் அகலம்.

வீடு வந்ததும் போல்ட்டை உருவி, அறையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, காலையில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன தாளை எடுத்தேன். பனியில் கொஞ்சம் நனைந்து ஓரம் சுருண்டிருந்தது. குழலுக்கு அடியில் நுழைத்து இழுத்தேன். முன்முனையிலிருந்து ஆக்‌ஷன்வரை எங்கும் சிக்காமல் ஓடியது. தேதியை அதன்மேல் எழுதி, அந்த மூன்று துளைகள் விழுந்த இலக்குத்தாளோடு சேர்த்து அலமாரிக்கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு, ரைஃபிளைக் குழல்வாய் கீழே வரும்படி நிறுத்தினேன்.